தாடைக்குக் கீழே ஒரு விரல்

மாமியார்: இன்னொரு தடவை அடிச்சுப் பாரேன்.

மருமகள்: அடிச்சுட்டேன் அத்தை. போனை ஆஃப் பண்ணி வெச்சிருக்கா.

மாமியார்: அடடா... பேக்கரி வேலைன்னா விடியக்காலைலயே போகணுமே. சார்ஜ் போட மறந்திருப்பா. பாவம்.

மருமகள்: பாவமா? நீங்க என்ன அவளுக்கு வக்காலத்து வாங்கறீங்க? "அக்கா, உங்க முடிவெட்டுப் பரீட்சைக்கு மாடலா டான்னு வந்து நிப்பேன்"னு சொன்னவ. இங்க பாருங்க, வராண்டா முழுக்க எல்லாரும் மாடலோட உக்காந்திருக்காங்க. நான் மட்டும் மாமியாரோட உக்காந்திருக்கேன்.

மாமியார்: மாமியார்னா அவ்வளவு இளக்காரமா போச்சா?

மருமகள்: ஐயோ, நான் அப்படிச் சொல்லல...

மாமியார்: சொன்ன. காதுல விழுந்துச்சு. சரி விடு. மாடல் இல்லாம உள்ள விட மாட்டாங்களா?

மருமகள்: வெட்டறதுக்கு ஒரு தலை வேணுமே அத்தை.

மாமியார்: அந்தப் பொம்மைத் தலை இருக்கே? ஜன்னல் ஓரமா வெச்சிருந்தியே, மாமா தண்ணி குடிக்க எந்திரிச்சு வந்து "யாரு, யாரு"ன்னு அலறினாரே...

மருமகள்: பொம்மைல வெட்டறது முதல் பாகம். அது எப்பவோ முடிஞ்சு போச்சு. இன்னிக்கு உசுருள்ள தலை. மூணு தடவைதான் உக்கார விடுவாங்க. இது மூணாவது.

மாமியார்: அது எனக்குத் தெரியாதா?

மருமகள்: இதுவும் போச்சுன்னா சர்ட்டிபிகேட் கிடையாது. பார்லர் அக்கா எனக்குன்னு ஒரு நாற்காலி ஒதுக்கி வெச்சிருக்காங்க. சர்ட்டிபிகேட் இல்லன்னா அதுக்குப் பின்னால வேற ஒருத்தி நின்னு வெட்டுவா. எனக்கு மறுபடி துடைப்பம்தான்.

மாமியார்: கூட்டினது போதும்டி. பழைய கடைல கூட்டின, தலை அலசின, டவல் துவைச்ச. கையெல்லாம் வெடிச்சு ரத்தம் கசிஞ்சுச்சு. களிம்பைத் தடவி ரெண்டு கையிலயும் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கிட்டுப் படுப்ப. என் பையன் என்கிட்ட வந்து, "அம்மா, நான் பிளாஸ்டிக் பையோட குடும்பம் நடத்தறேன்"னான்.

மருமகள்: அவரு அப்படியா சொன்னாரு? வரட்டும் வீட்டுக்கு.

மாமியார்: ஒருநாள் நானே கேட்டேன், ஏன்டி உனக்கு இந்தப் பாடுன்னு. நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?

மருமகள்: இல்லையே.

மாமியார்: "தலையைக் கையில வாங்கினதும் அவங்க கண்ணை மூடிக்கறாங்க அத்தை. யாருன்னே தெரியாத என்னை நம்பி மூடிக்கறாங்க"ன்ன. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. காட்டிக்கல.

மருமகள்: நீங்க "போய் விளக்கை அணை"ன்னு சொன்ன மாதிரிதான் எனக்கு ஞாபகம்.

மாமியார்: அதையும்தான் சொன்னேன்.

மருமகள்: அந்தக் கடையை மூடினப்பவே நான் விட்டிருக்கணும் அத்தை. முதல் பரீட்சைல முடி வெட்டுப்படாம மடங்கி மடங்கிப் போச்சு. எனக்குக் கை வரலன்னு ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாம கிடந்தேன். கடைசில பாத்தா கை நல்லாத்தான் இருந்துச்சு. கத்தரிதான் வலதுகைக்காரங்களுக்குச் செஞ்சது.

மாமியார்: அதுல எனக்கும் வெக்கம்தான். காலம்பூரா துணி வெட்டறவ. இடதுகைக்காரிக்கு கத்தரியோட அலகு மாறி இருக்கணும்னு எனக்குத் தோணல பாரு. கத்தரி விக்கறவன் சொல்லித்தான் தெரிஞ்சுது.

மருமகள்: ரெண்டாவது தடவை புதுக் கத்தரி. அது வெண்ணெய் மாதிரி போச்சு. போன வேகத்துல என் விரல் முட்டியையும் சேத்து வெட்டிடுச்சு. ஒரு சொட்டுதான். ரத்தம் பாத்தா அவ்வளவுதான், வெளிய போன்னுட்டாங்க.

மாமியார்: ரத்தத்தோட வந்து நின்ன. கதவைத் திறந்தது நான்தான். "அத்தை, இந்தத் தடவை முடி நல்லா வெட்டுப்பட்டுச்சு"ன்னு சிரிச்ச பாரு... எனக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியல.

மருமகள்: இந்தத் தடவை தலையே வரல.

மாமியார்: வேற யாரும் கிடைக்க மாட்டாங்களா? வாசல்ல போறவங்க, வர்றவங்க?

மருமகள்: தோளுக்குக் கீழ முடி இருக்கணும். நாலு விரலுக்குக் குறையாம வெட்டணும். தலைல எண்ணெய் இருக்கக் கூடாது. பரீட்சைக்குன்னு சொன்னா யாரு தலையை நீட்டுவா?

மாமியார்: எண்ணெய் இருக்கக் கூடாதா...

மருமகள்: ம்.

மாமியார்: நான் இன்னிக்கு வைக்கல.

மருமகள்: எதை?

மாமியார்: எண்ணெய்தான். பாட்டில் காலி.

மருமகள்: நேத்துதானே புதுசு வாங்கினோம்?

மாமியார்: மூடி திறக்க வரல.

மருமகள்: என்னைக் கூப்பிட்டிருக்கலாமே.

மாமியார்: நீ பரீட்சை அவசரத்துல இருந்த. இப்ப எண்ணெய் பாட்டில் விசாரணை ரொம்ப முக்கியமா? என்ன அப்படிப் பாக்கற?

மருமகள்: ஒண்ணும் இல்ல. கடிகாரம் பாத்தேன்.

மாமியார்: கடிகாரம் அந்தப் பக்கம் இருக்கு.

மருமகள்: நான் கேக்க மாட்டேன் அத்தை. அது கேக்கற விஷயம் இல்ல. முட்டியைத் தொடற பின்னல். தெருவுல உங்களை அதை வெச்சுத்தான் தெரியும்.

மாமியார்: நீ கேக்காத. நானும் தர்றேன்னு சொல்லல.

மருமகள்: சரி.

மாமியார்: கேட்டாத்தானே யோசிக்கவாவது முடியும்?

மருமகள்: கேட்டா?

மாமியார்: யோசிப்பேன்.

மருமகள்: அப்ப கேக்கறேன். யோசிங்க.

மாமியார்: யோசிச்சுட்டேன். எந்திரி.

மருமகள்: அத்தை! விளையாடாதீங்க. மாமாவுக்கு யாரு பதில் சொல்றது? "முடியைப் பாத்துத்தான் கட்டினேன்"னு வர்றவங்க போறவங்ககிட்டெல்லாம் சொல்றவரு.

மாமியார்: நானும்தான் அவரு முடியைப் பாத்துக் கட்டிக்கிட்டேன். எங்க அது இப்ப? என்னைக் கேட்டுட்டா வழுக்கை ஆனாரு?

தேர்வாளர்: கடைசி நாற்காலிக்கு யாரு? நீங்களா? வாங்க. மாடல் எங்க?

மாமியார்: நான்தாங்க.

தேர்வாளர்: நீங்களா... கொஞ்சம் திரும்புங்கம்மா. அடேயப்பா... இது சொந்த முடியா?

மாமியார்: பின்ன, வாடகைக்கா?

தேர்வாளர்: இல்லம்மா, இத்தனை வருஷத்துல நான் இப்படி ஒண்ணு பாத்ததில்ல. நீங்களா விருப்பப்பட்டுத்தானே உக்கார்றீங்க? யாரும் கட்டாயப்படுத்தலையே?

மாமியார்: என்னைக் கட்டாயப்படுத்த இனிமேதான் ஒருத்தர் பொறக்கணும்.

*

மாமியார்: அம்மாடி... எத்தனை கண்ணாடி! முன்னால நான், பக்கத்துல நான். முதுகுகூடத் தெரியுது பாரு. நல்ல இரும்பு நாற்காலி. அய்யய்யோ, மேல போகுதே!

மருமகள்: நான்தான் ஏத்தறேன் அத்தை. காலை அந்தக் கம்பில வெச்சுக்கோங்க.

மாமியார்: அந்தச் சக்கர மேஜையை ஏன் இழுத்து இழுத்து அந்தப் பக்கம் வைக்கற?

மருமகள்: எல்லாருக்கும் வலது பக்கம் வெச்சிருக்காங்க. எனக்கு இடது பக்கம் வேணும். போன தடவை கேக்கக் கூச்சப்பட்டு மாடல் தலைக்கு மேலயே கையை நீட்டி நீட்டி சீப்பு எடுத்தேன். அதுல கை பிசகித்தான் விரல்ல வெட்டிச்சு.

தேர்வாளர்: ஆரம்பிக்கலாம். மாடல்கிட்ட பேசலாம். பேசணும். வாடிக்கையாளர்கிட்ட எப்படிப் பேசறீங்கங்கறதுக்கும் மார்க் இருக்கு.

மாமியார்: பேசறதுக்கு மார்க்கா? அப்ப சர்ட்டிபிகேட்டை என்கிட்டயே குடுத்துடுங்களேன்.

மருமகள்: அத்தை, மெதுவா...

மாமியார்: அந்தம்மா சிரிச்சாங்க. பாத்துட்டேன்.

மருமகள்: இப்ப பின்னலுக்கு மேல ஒரு ரப்பர் பேண்டு போடறேன். கொஞ்சம் கீழ இன்னொண்ணு. நடுவுல வெட்டினா பின்னல் கலையாம வந்துடும். அப்புறம் மீதியை நனைச்சு, பிரிச்சு, அளவா வெட்டணும்.

மாமியார்: ரப்பர் பேண்டெல்லாம் தயாரா வெச்சிருக்கியே. பேக்கரிப் பொண்ணுக்கு ஏது பின்னல்?

மருமகள்: அது... எப்பவும் பைல கிடக்கறதுதான். தலையைக் குனியாதீங்க.

மாமியார்: சரி. வெட்டு. என்னடி, கத்தரியைப் பிடிச்சுக்கிட்டே நிக்கற?

மருமகள்: கத்தரி போகல அத்தை.

மாமியார்: முடி அவ்வளவு கெட்டியா?

மருமகள்: முடி இல்ல. கை போகல. எவ்வளவு வருஷத்து முடி இது... தொட்டாலே பயமா இருக்கு. பக்கத்து நாற்காலிக்காரங்கல்லாம் அவங்க வேலையை விட்டுட்டு இதைத்தான் பாக்கறாங்க.

மாமியார்: கண்ணாடில என் மூஞ்சியைப் பாரு. மூஞ்சியைப் பாருன்னேன், முடியை இல்ல. நம்ம தெருவுல என் தையல் கடைக்கு என்ன பேரு?

மருமகள்: ...முடிக்காரம்மா கடை.

மாமியார்: முப்பது வருஷமா தைக்கறேன். எத்தனை கல்யாணத்துக்குத் தெச்சிருப்பேன், எத்தனை பள்ளிக்கூடத்துக்குத் தெச்சிருப்பேன். கை பிசகாத வெட்டு. ஒருத்தராவது தையக்காரம்மான்னு கூப்பிட்டிருப்பாங்களா? கடைக்குப் புதுசா வர்றவங்ககூட துணியைக் குடுத்துட்டு, "திரும்புங்க, பாத்துக்கறோம்"னுதான் நிக்கறாங்க. முடி தானா வளந்துச்சுடி. சட்டை நான் தெச்சேன்.

மருமகள்: அத்தை... இதை நீங்க சொன்னதே இல்லையே.

மாமியார்: யாரு கேட்டா? வெட்டு.

மருமகள்: வெட்டறேன். அசையாதீங்க.

மாமியார்: சத்தம் கேக்குதே... கறுக் கறுக்குன்னு. தடித்துணி வெட்டற சத்தம்.

மருமகள்: பாதி போயிடுச்சு.

மாமியார்: நிறுத்தாத.

மருமகள்: நிறுத்தல... இதோ... இதோ...

மாமியார்: ஐயோ!

மருமகள்: என்ன? என்ன ஆச்சு? வலிக்குதா?

மாமியார்: தலை மேல போகுதுடி! யாரோ பின்னாலேர்ந்து பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்து, இப்ப பட்டுனு விட்ட மாதிரி இருக்கு. குடு, அதைக் கையில குடு. அடி ஆத்தி... இதையா நான் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன்?

மருமகள்: அழறீங்களா?

மாமியார்: தெரியல. நீ வேலையைப் பாரு.

மருமகள்: இப்ப தண்ணி அடிக்கறேன். ஜில்லுன்னு இருக்கும்.

மாமியார்: கண்ணை மூடிக்கவா?

மருமகள்: மூடிக்கோங்க.

மாமியார்: ...நீ சொன்னது சரிதான்டி. கண்ணு தானா மூடுது. நீ பேசு. மார்க் போயிடும்.

மருமகள்: நடு உச்சில ஒரு கோடு எடுக்கறேன். காதுலேர்ந்து காதுக்கு இன்னொண்ணு. நாலு பாகம். ஒவ்வொண்ணையும் சுருட்டி கிளிப் போட்டுடுவேன். அடியிலேர்ந்து ஒவ்வொரு அடுக்கா இறக்கி வெட்டுவேன்.

மாமியார்: சாக்பீஸ் இல்ல, டேப் இல்ல. சீப்பு நுனியால ஒரு இழுப்புதான். இவ்வளவு நேரா கோடு விழுது! நான் மேஜைல பரப்பி வெச்சு, நாலு பக்கமும் வெயிட்டு வெச்சு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வெட்டுவேன். நீ உருண்டையான தலைல, அதுவும் மூச்சு விடற தலைல வெட்டற.

மருமகள்: உங்க தலை எனக்கு மனப்பாடம் அத்தை. உங்களுக்குத் தோள் பிடிச்சுக்கிட்டதுலேர்ந்து தினமும் பின்னி விடறது யாரு? வலது காதுக்குப் பின்னால தழும்பு. இடது பக்கம் முடி கூடுதல் அடர்த்தி. அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க மாட்டீங்க, அதனால தேயல. உச்சில வெள்ளை முடி கம்மி, பிடரில அதிகம்.

மாமியார்: பிடரில வெள்ளையா? சொல்லவே இல்லையே நீ!

மருமகள்: நீங்க பாக்க முடியாத இடத்துல இருக்கறதை எதுக்குச் சொல்லி...

மாமியார்: அடி கள்ளி. எத்தனை விரல் ஓடுது பாரேன். சீப்பு ஒரு விரல்ல, முடி ரெண்டு விரல்ல, கத்தரி இன்னொரு கைல. எதுவும் எதையும் இடிக்கல. இந்தக் கையா வெடிச்சுக் கிடந்துச்சு? இதே கையா?

மருமகள்: அத்தை, சிரிக்க வைக்காதீங்க. கோடு ஆடிடும்.

மாமியார்: சிரிக்கவா சொல்றேன்? நிஜமாத்தான் சொல்றேன். எனக்குப் பேச்சே வரல.

மருமகள்: பேச்சு வராமலே இவ்வளவா?

தேர்வாளர்: ஒரு நிமிஷம். அளவு எவ்வளவு வெச்சிருக்கீங்க?

மருமகள்: தாடைக்குக் கீழ ஒரு விரல் மேடம்.

தேர்வாளர்: மாடல்கிட்ட கேட்டீங்களா? எவ்வளவு வேணும்னு கேக்காம வெட்டக் கூடாது.

மாமியார்: கேட்டா, கேட்டா. வெளியவே பேசிட்டோம். நான்தான் சொன்னேன், தாடைக்குக் கீழ ஒரு விரல்னு.

தேர்வாளர்: சரி. ஆனா பிடரியைப் பாருங்க. ரெண்டு சுழி இருக்கு, ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படி. பாத்தீங்களா?

மருமகள்: பாத்தேன் மேடம்.

தேர்வாளர்: இந்த அளவுல விட்டா காஞ்சதும் ஒரு பக்கம் தூக்கிக்கும். இதை நான் சொல்லக் கூடாது, ஆனாலும் ரெண்டு தடவை உங்களை நான்தான் வெளிய அனுப்பினேன். மனசு கேக்கல. இன்னும் ரெண்டு விரல் மேல ஏத்திடுங்க. ஒட்ட வெட்டிட்டா சுழி அடங்கிடும். நேரம் இருக்கு.

மருமகள்: இல்ல மேடம். இந்த அளவுதான்.

தேர்வாளர்: தூக்கிக்கிட்டா நான் மார்க் போட முடியாது. தெரியும்ல?

மருமகள்: தெரியும் மேடம்.

தேர்வாளர்: உங்க இஷ்டம்.

மாமியார்: ஏன்டி! அந்தம்மா நம்ம நல்லதுக்குத்தானே சொல்லிட்டுப் போறாங்க? எனக்கு ரெண்டு விரல் போனா என்ன, நாலு விரல் போனா என்ன? மொட்டையே அடி!

மருமகள்: மாட்டேன்.

மாமியார்: இது கடைசித் தடவைடி!

மருமகள்: தெரியும் அத்தை. கழுத்தை விறைச்சுக்காதீங்க, தளர்த்துங்க. சுழி இருக்கற இடத்துல முடியை இழுத்துப் பிடிச்சு வெட்டினாத்தான் விட்டதும் எகிறும். இழுக்காம, அது எப்படி விழுதோ அப்படியே விட்டு, சீப்பை மட்டும் கீழ வெச்சு வெட்டறேன். உள்ளடுக்கைக் கொஞ்சம் கனமா விட்டா அது மேல இருக்கறதைப் பிடிச்சுக்கும்.

மாமியார்: நிச்சயமா தெரியுமா?

மருமகள்: பொம்மைக்குச் சுழி கிடையாது அத்தை. இதை உசுருள்ள தலைல இப்பத்தான் செய்யறேன்.

மாமியார்: கடவுளே... நான் கண்ணை மூடிக்கறேன். இது பயத்துல.

மருமகள்: மூடிக்கோங்க. டிரையர் போடறேன், சத்தமா இருக்கும்.

மாமியார்: என்னமோ சொல்ற, காதுல விழல!

மருமகள்: ஒண்ணும் சொல்லல!

மாமியார்: நடுங்கறியா?

மருமகள்: டிரையர் அத்தை, அது!

தேர்வாளர்: நேரம் முடிஞ்சுது. எல்லாரும் கத்தரியைக் கீழ வைங்க. கையை எடுங்க.

மாமியார்: திறக்கலாமா?

மருமகள்: இருங்க. அவங்க வர்றாங்க.

தேர்வாளர்: அம்மா, நேரா உக்காருங்க. கொஞ்சம் குனியுங்க. நிமிருங்க. இப்ப தலையை வேகமா ஆட்டுங்க. இந்தப் பக்கம்... அந்தப் பக்கம். நிறுத்துங்க.

மாமியார்: தூக்கிக்கிச்சா?

தேர்வாளர்: இன்னொரு தடவை ஆட்டுங்க.

மாமியார்: தலை சுத்துதுங்க.

தேர்வாளர்: ...இன்னும் ஒரே ஒரு தடவை.

மருமகள்: மேடம்?

தேர்வாளர்: அடங்குது. ரெண்டு சுழியும் அடங்கி உக்காந்திருக்கு. எப்படி உலுக்கினாலும் வந்த இடத்துக்கே திரும்புது. இங்க வாங்க எல்லாரும், இதை வந்து பாருங்க. சீப்பைக் குடுங்க... ஒரு முடி கூட நீட்டிக்கிட்டு இல்ல.

மருமகள்: அப்ப...

தேர்வாளர்: ரெண்டு விரல் ஏத்தச் சொன்னேன் இல்ல? ஏத்தியிருந்தா இந்த முகம் வந்திருக்காது. நான் சொன்னது பரீட்சைக்கு. நீங்க வெட்டினது இவங்களுக்கு. பாஸ். போங்க, போய் உங்களுக்குன்னு ஒரு நாற்காலியைப் பிடிங்க.

மருமகள்: அத்தை! கண்ணைத் திறங்க!

மாமியார்: யாருடி இது?

மருமகள்: நீங்கதான்.

மாமியார்: எனக்குக் கழுத்து இருக்குடி.

மருமகள்: இருக்கு அத்தை.

மாமியார்: கன்னத்து எலும்புகூட இருக்கு. இவ்வளவு நாள் எங்க இருந்துச்சு இதெல்லாம்? பின்கண்ணாடியைக் காட்டு... அம்மாடி. என்னைப் பெத்தவ பாத்தா அவளுக்கே அடையாளம் தெரியாது. இல்ல... அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

*

மருமகள்: பாத்து இறங்குங்க. படியைப் பாக்காம காத்துல எதையோ பிடிக்கறீங்க.

மாமியார்: பின்னலைப் பிடிச்சுக்கிட்டு இறங்கியே பழக்கம். கை தானா போகுது. அப்பா, பிடரில காத்து படுதுடி! காத்துன்னா இதுதானா?

மருமகள்: பின்னலை என்ன பண்றது? பைல கனக்குது.

மாமியார்: மாமாகிட்ட குடுத்துடுவோம். வீட்லயே அவருக்குத்தான் அவசரமா வேணும்.

மருமகள்: பார்லர் அக்கா போன்ல கத்தின கத்துல காது அடைச்சுப் போச்சு. நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க. நான் நிக்கற நாற்காலி... இன்னும் நம்ப முடியல அத்தை.

மாமியார்: எனக்கும்தான். கிட்டத்துல உக்காந்து பாத்தேன் பாரு, அதனாலதான் நம்பறேன். நில்லு. ஒண்ணு சொல்லணும்.

மருமகள்: வீட்டுக்குப் போய்ச் சொல்லலாமே.

மாமியார்: வீட்டுக்குப் போனா தைரியம் போயிடும். அந்தப் பேக்கரிப் பொண்ணு மேல கோவப்படாத. அவ மறக்கல. நான்தான் நேத்து போன் பண்ணி வராதேன்னேன். திட்டு. திட்டறதுன்னா திட்டிடு. முடியை வெட்டிக்கறேன்னு எத்தனை தடவை சொல்ல வாயெடுத்திருப்பேன். மாமா மூஞ்சி, தெரு மூஞ்சி எல்லாம் வந்து நிக்கும். உன் பரீட்சைன்னா யாரும் எதுவும் சொல்ல முடியாது பாரு. மருமக வாழ்க்கைக்காகக் குடுத்தேன்னு போயிடும். ஆனா காலைல எந்திரிச்சதும் பின்னலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். பயந்துபோய் நான் பின்வாங்கியிருந்தா உன் கதி என்ன ஆகியிருக்கும்!

மருமகள்: தெரியும் அத்தை.

மாமியார்: எது தெரியும்?

மருமகள்: நீங்க போனை வெச்ச கையோட அவ எனக்குப் போன் பண்ணிட்டா. "அக்கா, உங்க அத்தையே மாடலா உக்காரப் போறாங்களாம், உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்"னு.

மாமியார்: அடிப்பாவி! அப்ப காலைல போனைக் காதுல வெச்சுக்கிட்டுத் தவிச்சதெல்லாம்?

மருமகள்: மூடி திறக்க வராத பாட்டிலுக்கு அது பரவாயில்ல.

மாமியார்: சரி, வேற ஒருத்தியை மறைவா வெச்சிருந்தியா? நான் மாட்டேன்னா கூப்பிட?

மருமகள்: இல்ல.

மாமியார்: யாருமே இல்லையா? நான் மனசு மாறியிருந்தா?

மருமகள்: பரீட்சை போயிருக்கும்.

மாமியார்: பைத்தியமாடி உனக்கு? அவளை மறுபடி வரச் சொல்லியிருக்கலாமே!

மருமகள்: அவ வந்திருந்தா நீங்க உக்காந்திருக்க மாட்டீங்க. எனக்கு அடுத்த பரீட்சை கிடையாது. உங்களுக்கு அடுத்த சாக்கு கிடையாது.

மாமியார்: ...அது போகட்டும். அந்தம்மா அவ்வளவு தூரம் சொல்லியும் ஒத்தைக்கால்ல நின்னியே, அது எதுக்கு? ரெண்டு விரல்ல என்னடி இருக்கு? எவ்வளவு வேணும்னு நீ கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல. உனக்காகத்தான் அங்க பொய் சொன்னேன்.

மருமகள்: சொன்னீங்க அத்தை. வாயால இல்ல. போன மழையில ஒரு மத்தியானம், வீட்ல யாரும் இல்லன்னு நினைச்சுக்கிட்டு கண்ணாடி முன்னால நின்னீங்க. பின்னலை உள்பக்கமா மடிச்சு மடிச்சு ரவிக்கைக்குள்ள ஒளிச்சு வெச்சீங்க. தோள் வரைக்கும் விட்டுப் பாத்தீங்க, பிடிக்கல. காது வரைக்கும் ஏத்திப் பாத்தீங்க, அதுவும் பிடிக்கல. அப்புறம் தாடைக்குக் கீழ ஒரு விரல் விட்டு நிறுத்தி, அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சீங்க. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு அளவு எடுத்துக்கிட்டேன்.